தேசியம் எதுவரை கைகொடுக்கும்? காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளர்களை வாசிப்பது பற்றி ஒரு கேள்வி

பனையோலை:

நான்கு அமர்வுகள் கொண்ட ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் பாடத்திட்டம் போட வேண்டும். பொருள்: ஏகாதிபத்தியம், அதற்கு எழுந்த எதிர்ப்பு, அந்த எதிர்ப்பில் தேசியம் எதுவரை கைகொடுத்தது, எங்கே கைவிட்டது. தாதாபாய் நவ்ரோஜி, தாகூர், அம்பேத்கர், அல்ஜீரிய விடுதலைப் போரில் நின்ற மனநல மருத்துவர் ஃபனோன், போர்ச்சுகீசிய கினியாவின் விடுதலைத் தலைவர் அமில்கார் கப்ரால் என ஐந்து பேரை எடுத்து வைத்திருக்கிறேன். ஓர் அமர்வு இரண்டு மணி நேரம். படிக்கக் கொடுப்பது முப்பது பக்கத்தைத் தாண்டக் கூடாது.

இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு பதில்கள் தயாராக வந்து நிற்கின்றன. 'தேசியம்தான் வெள்ளைக்காரனை விரட்டியது, அதைக் குறை சொல்கிறவன் அவனுக்கு வால் பிடித்தவன்' என்பது ஒன்று. 'கொடிதான் மாறியது, வேறெதுவும் மாறவில்லை' என்பது இன்னொன்று. இந்த ஐந்து பேரும் உண்மையில் எழுதியது இரண்டிலும் அடங்கவில்லை என்று தோன்றுகிறது.

மூன்று விஷயங்களில் உதவி வேண்டும். இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வடிந்துபோவதாக நவ்ரோஜி சொன்ன 'செல்வ வடிகால்' எப்படி இயங்கியது என்பதைப் படிப்படியாக எப்படிக் காட்டுவது? ஃபனோன் தேசியத்துக்கே எதிரானவரா? தேசியத்தைத் தாண்டி ஏதாவது கட்டிப் பார்த்தவர்கள் உண்டா, அது என்ன ஆயிற்று?

கணக்கதிகாரம்:

நவ்ரோஜியில் தொடங்குவது சரி. ஆனால் 'செல்வத்தைக் கொள்ளையடித்துக் கப்பலில் ஏற்றிப் போனார்கள்' என்ற சித்திரத்தோடு தொடங்கினால் முதல் அமர்விலேயே தடம் மாறிவிடும். பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தில் நடந்தது ஏறக்குறைய அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அப்படித் தூக்கிப் போக வேண்டிய தேவையே இல்லை. எல்லாம் சட்டப்படி, ரசீதோடு நடந்தது.

ஒரு கட்டு சணலைப் பின்தொடர்ந்து போங்கள். ஸ்காட்லாந்தில் டண்டீ ஆலைக்குச் சணல் தேவை. வாங்குகிறவர் லண்டனில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் விற்கும் 'கவுன்சில் உண்டியல்' (இந்தியாவில் ரூபாய் தரச் சொல்லும் ஆணைச்சீட்டு) ஒன்றை ஸ்டெர்லிங் கொடுத்து வாங்குவார். உண்டியல் கல்கத்தாவுக்கு வரும். அரசுக் கருவூலத்தில் நீட்டினால் ரூபாய் கிடைக்கும். அந்த ரூபாயில் சணலுக்கு விலை கொடுப்பார்கள், சணல் கப்பலேறும். கருவூலத்துக்கு அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? நிலவரி, உப்புவரி, அபினி வருமானம். விவசாயி கட்டிய வரியே அவர் விளைச்சலுக்கு விலையாகத் திரும்பி வந்திருக்கிறது. லண்டனில் செலுத்திய ஸ்டெர்லிங் கடல் தாண்டவே இல்லை. அது அங்கேயே 'ஹோம் சார்ஜஸ்' என்ற தலைப்பில் செலவானது: கடன் வட்டி, ஓய்வூதியம், இந்தியாவை நிர்வகித்த லண்டன் துறையான இந்தியா ஆபீஸின் செலவு, ராணுவக் கணக்கு, ரயில் கம்பெனிகளுக்கு உறுதியளித்த வட்டி.

இந்த ரயில் வட்டியை மட்டும் தனியாக எடுத்துக் காட்டுங்கள். 1849-இல் தொடங்கிய ஒப்பந்தங்களில் கம்பெனியின் முதலீட்டுக்கு 5 சதவீதம் வருமானம் உறுதி. ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் குறைகிறதை இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு செலவழித்தாலும் வட்டி வந்துவிடும் என்ற நிலையில் சிக்கனமாகப் பாதை போட எந்தக் கம்பெனிக்கும் அவசியம் இருக்கவில்லை.

கரும்பலகையில் லண்டன், கல்கத்தா, கிராமம் என்று மூன்று பத்தி கிழித்து ஒவ்வொரு கைமாறலையும் அம்புக்குறியால் காட்டினால் இருபது நிமிடத்தில் விளங்கிவிடும். கூடவே 1870-களில் அவர் போட்ட இன்னொரு கணக்கு: தலைக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய். இந்தத் தொகை போதுமா என்று பார்க்க அவர் எடுத்த அளவுகோல் சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் அரசே செய்த செலவு. குற்றவாளிக்குக் கிடைக்கிற அளவு உணவுகூட நாட்டின் உற்பத்தியைப் பங்கிட்டால் எல்லோருக்கும் தேறாது என்று அரசின் எண்களை வைத்தே காட்டினார். இது அப்படியே வாசிக்க வேண்டிய பகுதி.

இனி, இந்தச் சிந்தனை எங்கே நின்றுபோனது என்பது. 1901 நூலின் தலைப்பிலேயே அவர் இந்த ஆட்சியை 'பிரிட்டிஷ் தன்மையற்றது' என்கிறார். நல்ல பிரிட்டிஷ் ஆட்சி என்று ஒன்று உண்டு, இது அதிலிருந்து விலகிவிட்டது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய இடைவெளி அந்த மூன்றாவது பத்தியில். 'கிராமம்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டோம். அதற்குள் வரி கட்டியவர், அவரிடம் குத்தகை பிடுங்கியவர், கடன் கொடுத்தவர், நிலமே வைத்துக்கொள்ள விடப்படாதவர் என்று நான்கு பேர் இருக்கிறார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு சான்று: 1881 தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது; ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரம்தான் என்றது. இது இந்திய ஆலைகளை முடக்க இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலை முதலாளிகள் செய்த சூழ்ச்சி என்று தேசிய ஏடுகள் பல எதிர்த்து எழுதின. லங்காஷயருக்கு அந்த உள்நோக்கம் இருந்தது உண்மை. ஆலைக்குள் நின்ற குழந்தையும் உண்மை. பேரரசு என்பதை வெளியே போகும் பணமாக மட்டும் பார்த்தால் அந்தக் குழந்தை கணக்கில் வராது. முதல் அமர்வை இங்கே முடித்தால் மற்ற மூன்றுக்கும் வழி திறந்துவிடும்.

கரிசல்:

ஃபனோனுக்கு வருகிறேன். அவரைப் பற்றிய குழப்பத்தில் பாதி, 'தி ரெட்செட் ஆஃப் தி எர்த்' என்ற 1961 நூலைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பதால் வருவது. சார்த்தரின் முன்னுரை, அடுத்து வன்முறை பற்றிய முதல் அத்தியாயம். பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். உங்கள் வட்டத்துக்கு வரிசையைத் திருப்புங்கள். ஐந்தாம் அத்தியாயத்தின் நோயாளிக் குறிப்புகளில் இரண்டை முதலில் கொடுங்கள். அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் 1953 முதல் வேலை பார்த்தவர் அவர். சித்திரவதைக்கு ஆளானவர்களையும் சித்திரவதை செய்த போலீஸ்காரர்களையும் பார்த்தவர். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் மனைவி மக்களையும் அடித்து வதைக்கத் தொடங்கிவிட்ட ஓர் இன்ஸ்பெக்டரின் குறிப்பு அதில் இருக்கிறது. அதைப் படித்தவர் 'வன்முறையைக் கொண்டாடுகிறவர்' என்று அவரைச் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்.

அடுத்து மூன்றாம் அத்தியாயம். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான். அவர் தேசிய உணர்வுக்கு எதிரானவர் இல்லை. அது சமூக உணர்வாக, அரசியல் உணர்வாக விரைவில் மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறார். அவர் சொல்லும் காரணம் ஒழுக்கம் சார்ந்தது இல்லை, பொருளாதாரம் சார்ந்தது. காலனி நாட்டின் நடுத்தர வர்க்கத்திடம் ஆலை இல்லை, வங்கி இல்லை, மூலதனம் இல்லை. வழக்கறிஞர், வியாபாரி, ஏஜென்ட், குமாஸ்தா, அதிகாரி. உற்பத்தி செய்து பழகாத அந்த வர்க்கத்துக்கு விடுதலை என்றால் வெள்ளையர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போவது. அதற்குத் 'தேசியமயம்' என்று பெயர் வைக்கும். வெளிநாட்டு மூலதனத்துக்கும் உள்நாட்டு விளைச்சலுக்கும் நடுவே தரகு வேலை தொடரும்.

இதற்கு அடுத்த படியைப் பலர் தவறவிடுகிறார்கள். மேலே இருக்கிறவர்கள் ஐரோப்பியரின் பதவிக்குப் போட்டியிடும்போது, கீழே இருக்கும் கைவினைஞரும் சிறு வியாபாரியும் பக்கத்து நாட்டுக்காரர்மேல் திரும்புகிறார்கள். ஐவரி கோஸ்ட்டில் தஹோமியர்மீதும் (இன்றைய பெனின்) வோல்டாக்காரர்மீதும் (இன்றைய புர்கினா ஃபாசோ) நடந்த தாக்குதல்களை உதாரணமாகக் காட்டுகிறார். தேசியத்திலிருந்து வெறித்தேசியம், அதிலிருந்து இனவாதம் என்ற இறக்கம் தனிப்பட்ட கெட்ட மனதால் வருவதாக அவர் சொல்லவில்லை. பங்கிட ஒன்றும் இல்லாத இடத்தில் யாரை வெளியேற்றலாம் என்ற கேள்விதான் மிஞ்சும் என்கிறார். இதை அவர் தூரத்திலிருந்து ஊகிக்கவில்லை. ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்ற 1960-இல் அல்ஜீரியத் தற்காலிக அரசின் தூதராகக் கானாவின் தலைநகர் அக்ராவில் இருந்தார். 1961 டிசம்பரில் இறந்தார். அல்ஜீரிய விடுதலையைப் பார்க்கவில்லை.

அதே அத்தியாயத்தில் பாலம் பற்றி வரும் பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பாலம் கட்டும் வேலை அதைக் கட்டுகிறவர்களின் அறிவை வளர்க்காவிட்டால் பாலமே வேண்டாம், மக்கள் முன்போல நீந்தியோ படகிலோ கடக்கட்டும் என்கிறார். மேலேயிருந்து இறக்கி வைக்கும் வளர்ச்சித் திட்டங்களைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொன்னவர் குறைவு. கட்சித் தலைமை முழுவதும் தலைநகரில் குவியக் கூடாது என்பதும் இதன் தொடர்ச்சிதான்.

ஒரு பக்கக் குறிப்பு: இந்த வாதம் 1961-இல் முளைத்தது இல்லை. 1920-இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் மாநாட்டில் லெனினோடு இந்தியக் கம்யூனிஸ்ட் எம்.என். ராய் நடத்திய விவாதத்தின் மையமே இதுதான். காலனி நாட்டின் நடுத்தர வர்க்க தேசிய இயக்கத்தையும் விவசாயி தொழிலாளர் இயக்கத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று ராய் துணை ஆய்வுரை வைத்தார்.

கடலோடி:

கரிசல் சொன்ன அந்தத் 'தரகு' வேலைக்கு அக்ராவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோகோ வாரியம். 1947-இல் காலனி அரசு அமைத்தது. விவசாயியிடம் வாரியம் மட்டுமே வாங்கும்; விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கும்; உலகச் சந்தையில் விற்று வரும் மிச்சம் வாரியத்தின் கையிருப்பு. அந்தக் கையிருப்பு லண்டனில் ஸ்டெர்லிங் பத்திரங்களாகக் கிடந்தது. போரில் நொடிந்துபோன பிரிட்டனுக்கு அது மலிவான கடன்.

கானாவின் விடுதலைத் தலைவர் நிக்ருமாவின் கட்சி உள்நாட்டு அதிகாரத்துக்கு வந்ததும் இந்த வாரியத்தைக் கலைக்கவில்லை. 1954-இல் உலக விலை உச்சத்தில் இருந்தபோது 60 ராத்தல் சுமைக்கு 72 ஷில்லிங் என்று நான்கு ஆண்டுக்கு விலையை நிறுத்திவைத்துச் சட்டம் போட்டது. மிச்சம் வளர்ச்சித் திட்டங்களுக்கு. அடுத்த மாதமே கோகோ விளையும் அசாந்தியில், குமாசியில், தேசிய விடுதலை இயக்கம் என்ற எதிர்க்கட்சி பிறந்தது. பள்ளி, சாலை, துறைமுகம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் தராசும் அதே, வாங்குகிறவரும் அவரே.

பின்னால் 1965-இல் நவகாலனியம் பற்றி நூல் எழுதியவரும் இதே நிக்ருமாதான். அரசு சுதந்திரமானதுபோலத் தோன்றும், அதன் பொருளாதாரத்தை வெளியிலிருந்து இயக்குவார்கள் என்பது அதன் அடிப்படை வாதம். கோகோ விலை சரிந்து 1966 பிப்ரவரியில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. ஒரே மனிதரிடம் நோயைக் கண்டறிந்த அறிவும், அந்த நோயைச் சுமந்த நிர்வாகமும் சேர்ந்தே இருந்தன. இரண்டாம் அமர்வுக்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டப்புத்தகம்:

மூன்றாம் அமர்வை இந்தியாவுக்கு ஒதுக்குங்கள். முதலில் தாகூரில் ஒரு மொழிச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். 1916-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆற்றிய உரைகளில் அவர் தாக்கும் 'நேஷன்' என்பதை 'நாடு' என்றோ 'தேசம்' என்றோ தமிழில் போட்டால் அவர் நாட்டுப்பற்றையே வெறுத்தார் என்று ஆகிவிடும். அவர் சொல்வது, அதிகாரத்துக்காகவும் வணிகத்துக்காகவும் ஒரு மக்கள்கூட்டம் இயந்திரமாக ஒழுங்குபடுத்தப்பட்ட நிலையை. வங்காளியில் எழுதும்போதும் அவர் அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். நீங்களும் 'நேஷன்' என்றே விடுங்கள். 1905 வங்கப் பிரிவினைக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர், 1919 ஜாலியன்வாலாபாக்குக்குப் பின் சர் பட்டத்தைத் துறந்தவர் பேசுகிறார் என்பதை நினைவுபடுத்தினால் 'வால் பிடித்தவர்' என்ற பேச்சு எழாது.

அம்பேத்கருக்கு இரண்டு இடங்கள் போதும். 1930 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டு உரை: உங்கள் ஆட்சிக்கு முன் எங்களுக்கு ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லை, நீங்கள் வந்து அதைப் பெற்றுத் தந்தீர்களா? கோயிலுக்குள் போக முடியாது, இப்போது முடிகிறதா? போலீசில் சேர முடியாது, இப்போது சேர்க்கிறீர்களா? இப்படி அடுக்கி, இந்த அரசாங்கம் போய் மக்களின் அரசாங்கம் வர வேண்டும் என்று முடிவுக்கு வருகிறார். அடுத்தது 1936-இல் சாதி ஒழிப்பு பற்றி எழுதியது: ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆளத் தகுதியற்றது என்று சொல்லும் காங்கிரஸ்காரர், ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்தை ஆளத் தகுதியற்றது என்பதையும் ஏற்க வேண்டும் என்ற வாதம். இரண்டையும் அருகருகே வையுங்கள். பேரரசுக்கும் தேசியத்துக்கும் அவர் ஒரே உரைகல்லைப் பயன்படுத்துகிறார்: கிணறு. 1947 ஆகஸ்ட் 15-ஐப் பெரியார் துக்கநாள் என்றதையும் அண்ணா அதை மறுத்ததையும் இந்த வரிசையில் வைத்துப் பேசினால் அந்த விவாதம் வெறும் கட்சிச் சண்டையாகச் சுருங்காது.

தேசிய இயக்கத்துக்குள்ளேயே வெவ்வேறு போக்குகள் எப்படி இருந்தன என்பதற்குத் திருநெல்வேலி வட்டாரத்தின் மூன்று ஆண்டுகள் போதும். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் இருந்த கடிதம் பேசியதோ மிலேச்சர் சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்று. எதிரி ஒருவர்தான். விரட்டிய பின் யாருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதில் இந்த இரண்டுக்கும் இடையே பாலமே கிடையாது.

சட்டங்கள் கைமாறியதையும் காட்டுங்கள். ராஜத்துரோகப் பிரிவு 124ஏ, 1870-இல் தண்டனைச் சட்டத்தில் நுழைந்தது. திலகரையும் 1922-இல் காந்தியையும் சிறைக்கு அனுப்பியது அதுதான். 2024 ஜூலை 1 வரை அந்தச் சட்டப்புத்தகத்தில் இருந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஒரு மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அதை எதிர்த்து ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணத்துக்கு எதிராக நடத்திய வழக்கில் அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லும் என்றது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம். அதன் முன்வடிவம் 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ஒடுக்க வைஸ்ராய் போட்ட அவசரச் சட்டம். சுடும் அதிகாரத்தை அது கேப்டன் பதவிக்குக் குறையாத அதிகாரிக்குக் கொடுத்தது. 1958-இல் நாகா மலைக்காக நாடாளுமன்றம் இயற்றிய வடிவம் அந்த அதிகாரத்தைக் கமிஷன் பெறாத அதிகாரிவரை இறக்கியது. இரண்டு வாசகங்களையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

நடுவாசல்:

மேலே சொன்னவை எல்லாம் சரி, ஆனால் அமர்வு 'கொடிதான் மாறியது' என்ற இரண்டாவது பதிலில் போய் விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது. இரண்டு எண்களைக் கையில் வைத்திருங்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள். விடுதலைக்குப் பின் இந்தியாவில் அந்த அளவுப் பஞ்சம் இல்லை. 1935 இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் மாகாணத் தேர்தலில் வாக்குரிமை இருந்தது மூன்று, மூன்றரைக் கோடிப் பேருக்கு. சொத்தோ படிப்போ வேண்டும். 1951-52 தேர்தலில், பிரிந்துபோன நாட்டிலேயே, வாக்காளர் 17.3 கோடி. குத்தகைக்காரரும் கூலியாளும் அதில் அடக்கம். அந்த வாக்கை வாங்கித் தந்தது தேசிய இயக்கம். அம்பேத்கரும் 1949 நவம்பர் 25 உரையில் இதை மறுக்கவில்லை. அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்றார். முரண்பாடு என்றால் இரண்டு பக்கமும் உண்மை.

மலைச்சாரல்:

தமிழில் இந்தப் பாடத்தை நடத்தும்போது இலங்கை மலையகத்தை விட்டுவிடக் கூடாது. ஃபனோன் சொன்ன 'யாரை வெளியேற்றலாம்' என்பதை ஆண்டுக்கணக்கோடு காட்ட முடிகிற இடம் அது.

தென்னிந்தியாவிலிருந்து முதலில் காப்பித் தோட்டத்துக்கும் 1860-களின் இறுதிக்குப் பின் தேயிலைக்கும் கூலிகளைக் கொண்டுவந்தது பேரரசு. இலங்கை 1948 பிப்ரவரியில் விடுதலை பெற்றது. அதே ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் அங்கே பிறந்தது போதாது, தந்தையும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும் என்றது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத லயக்காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில்) அந்தத் தாளுக்கு எங்கே போவது? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1949-இல் வாக்கும் போனது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். தமிழர் அரசியலும் இதில் ஒரே பக்கம் நிற்கவில்லை. தமிழ்க் காங்கிரஸ் உடைந்து, செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இப்போது இன்னொரு தேதியைப் பக்கத்தில் வையுங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் தோட்டங்கள் அரசுடைமை ஆனது 1975-இல். ஆக, அந்தத் தேயிலைச் செடியைப் பிடுங்கி நட்டவரின் குடியுரிமை விடுதலை பெற்ற ஆண்டே பறிபோனது. தோட்டத்தின் உரிமையாளரான லண்டன் கம்பெனிக்கு இன்னும் 27 ஆண்டு அவகாசம் கிடைத்தது. நடுவில் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டிக்கொண்டார்கள். காலனிய எதிர்ப்பில் பிறந்த இரண்டு அரசுகள் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. எண்ணப்பட்டவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. எஞ்சியவர்களுக்கு 2003-இல்தான் சட்டம் முழுமையாகக் கதவைத் திறந்தது.

நவ்ரோஜியின் மூன்று பத்திப் பலகையை இங்கே திரும்பவும் போடலாம்: லண்டன், கொழும்பு, லயம்.

பனையோலை:

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பலகையை நான்கு அமர்விலும் அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. கட்டிப் பார்த்தவர்கள்? கப்ராலைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

கரிசல்:

கப்ரால் வேளாண் பொறியாளர். 1953-இல் போர்ச்சுகீசிய கினியாவின் (இன்றைய கினி-பிசாவு) விவசாயக் கணக்கெடுப்பை நடத்தியவர். யார் என்ன பயிரிடுகிறார், நிலம் யாரிடம், ஊரில் யார் பேச்சு எடுபடும் என்று ஊர் ஊராகத் தெரிந்துகொண்டது அதிகாரபூர்வ வேலையாகத்தான். மூன்று ஆண்டு கழித்து, கினியா, கேப் வெர்டித் தீவுகள் என்ற இரண்டு போர்ச்சுகீசியக் காலனிகளின் விடுதலைக்காகக் கட்சி தொடங்கினார். அதனால் அவர் எழுத்தில் 'மக்கள்' என்ற சொல் மூட்டையாகக் கட்டிக் கிடக்காது. 1964 மிலான் உரையைப் பாருங்கள். ஃபூலா சமூகத்தில் தலைவர், பிரபு, விவசாயி என்ற அடுக்கு உண்டு, தலைவர்கள் போர்ச்சுகீசியரோடு ஒட்டிக்கொண்டார்கள். பலாந்தா சமூகத்தில் அப்படிப்பட்ட தலைவர் கிடையாது, போராட்டத்துக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள். பெண்ணுக்கு எந்தச் சமூகத்தில் என்ன உரிமை என்பதையும் தனித்தனியாகச் சொல்கிறார். கணக்கதிகாரம் கேட்ட அந்த மூன்றாவது பத்தியை நிரப்பிக் காட்டிய உரை இது.

நடைமுறைக்கு வருவோம். 1959 ஆகஸ்ட் 3-இல் பிஜிகிட்டித் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுட்டார்கள். சுமார் 50 பேர் இறந்தார்கள். நகரத்தில் திறந்தவெளி எதிர்ப்பு இனி நடக்காது என்று கட்சி கிராமத்துக்குப் போனது. 1963 ஜனவரியில் ஆயுதப் போர். ஓராண்டுக்குள் உள்ளிருந்தே கோளாறு: தளபதிகள் சிலர் தம் வட்டாரத்தில் குட்டி அரசர்களாகி மக்களை வதைத்தார்கள். 1964 பிப்ரவரியில் கசாக்காவில் மாநாடு கூட்டி அவர்களை விசாரித்துத் தண்டித்தார்கள். படையைக் கட்சிக்குக் கீழே கொண்டுவந்தார்கள். விடுவித்த பகுதிகளில் ஊருக்கு ஐந்து பேர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. அதில் குறைந்தது இரண்டு பெண்கள். போர்ச்சுகீசியக் கம்பெனிக் கடைக்கு மாற்றாக மக்கள் கடைகள். விளைச்சலைக் கொடுத்துத் துணியும் பிற சாமான்களும் வாங்கலாம். நிலக்கடலை கம்பெனிக்குப் போவது நின்றது என்றால் கவுன்சில் உண்டியல் வகையான சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது என்று அர்த்தம். கொடியேற்றும் முன்பே அறுத்தார்கள்.

அது ஏன் தங்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1966 ஜனவரியில் ஹவானாவில் கப்ரால் எச்சரித்தது: அந்நிய ஆட்சி போனதும் நிர்வாகம் தெரிந்த ஒரே பிரிவு சிறு நடுத்தர வர்க்கம்தான், அரசு அதன் கைக்குத்தான் வரும், அது தன் வர்க்க நலனைத் தானே கைவிட வேண்டும் அல்லது புரட்சியைக் காட்டிக்கொடுக்கும். அதை எந்த அமைப்பு கட்டாயப்படுத்தும் என்பதற்கு அவரிடம் வழிமுறை இல்லை. தலைமையின் நேர்மையை நம்பினார். 1973 ஜனவரி 20-இல் பக்கத்து நாடான கினியின் தலைநகர் கோனாக்ரியில் அவரைச் சுட்டவர்கள் அவர் கட்சிக்காரர்களே. கேப் வெர்டியர் மேலே, கினியர் கீழே என்ற மனத்தாங்கல் கட்சிக்குள் புகைந்துகொண்டிருந்தது, அதைப் போர்ச்சுகீசியர் ஊதிவிட்டனர். 1974-இல் போர்ச்சுகல் விலகியதும் கட்சி காட்டிலிருந்து தலைநகர் பிசாவுக்கு வந்து காலனி அரசின் அலுவலகங்களிலேயே உட்கார்ந்தது. ஊர்க்குழுக்கள் அந்த அலுவலகங்களுக்கு மனுக் கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டன. 1980 நவம்பரில் ராணுவக் கவிழ்ப்பு. கினி-பிசாவும் கேப் வெர்டியும் ஒன்றாவது என்ற திட்டம் அதோடு முடிந்தது.

நான்காம் அமர்வுக்கு மிலான் உரையும் ஹவானா உரையில் சிறு நடுத்தர வர்க்கம் பற்றிய கடைசிப் பகுதியும் போதும். இரண்டும் சுருக்கமானவை. ஹவானாப் பகுதியை முதலில் படிக்கவிடாதீர்கள்; மிலான் உரையின் ஊர் விவரங்கள் மனதில் பதிந்த பிறகு கொடுங்கள். ஐந்தில் இரண்டு பெண்கள் இருந்த அந்த ஊர்க்குழுவுக்கு என்ன அதிகாரம் எழுத்தில் கொடுத்திருந்தால் பிசா அலுவலகத்தை அது கேள்வி கேட்டிருக்க முடியும் என்பதை அன்றைய விவாதத்துக்கு வையுங்கள்.